ஆறு

வீட்டுக்குள் நேயா ஓயாத வானொலி.
குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று
எறும்புக்குப் பல் உண்டா என்பாள்,
நான் தலையில் நுரையோடு நிற்கையில்.

காலையில் ஈசூன் புளோக்கின் மின்தூக்கி.
பதினொன்று, பத்து, ஒன்பது.
எட்டில் கதவு திறந்து
திருமதி லிம் சந்தைப் பையோடு நுழைவார்.
'பல்லி ஏன் சுவர்ல'
என்பதோடு நின்றுவிடும் வாக்கியம்.
மீதி மாலையில்தான் வரும்,
சப்பாத்தைக் கழற்றியதும்,
விட்ட இடத்திலிருந்து.

தொடக்கநிலை ஒன்று முழுக்க
கேன்டீனுக்குக் கொடுத்த இரண்டு வெள்ளி
வியர்த்தபடி திரும்பி வந்தது.
கழிவறைக்குப் போகக் கேட்க முடியாமல்
ஈரப் பாவாடையோடு உட்கார்ந்திருந்தாள்
மணி அடிக்கும்வரை.

பிடிவாதம் என்றது குடும்ப வாட்ஸ்அப்.
நானும் ஒருநாள் கடைவாசலில்
ஐஸ்கிரீமைக் கையில் பிடித்துக்கொண்டு
அங்கிளுக்கு நன்றி சொன்னால்தான் என்றேன்.
அது உருகி என் மணிக்கட்டில் வழிந்தது.
அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
டாக்டர் சுவாவிடம் இதை நான் சொல்லவில்லை.

அவர் சொன்னார்:
பத்து மீட்டர் குதிபலகை நுனியில்
தினமும் ஏழரைக்கு நிற்கிறாள் உங்கள் மகள்.
கீழிருந்து கத்தாதீர்கள்.
ஏணியின் முதல் படிக்கு வாருங்கள்.

அதனால் புதன்கிழமைகளில்
எல்லாரும் போனபின், காலி வகுப்பறையில்
நானும் அவளும் பரமபதம்.
முதல் வாரம் ஆசிரியை நோர்ஹயாத்தி
நடைபாதைச் செடிக்குத் தண்ணீர் விட்டார்.
மூன்றாம் வாரம் வாசலில், முதுகு காட்டி,
பலகையில் படங்கள் ஒட்டினார்.
ஐந்தில் பின்வரிசையில் நோட்டு திருத்தினார்.
நாற்காலி கிரீச்சிட்டதும்
இவள் தோள்கள் காதுவரை ஏறின.
மறுபடி வாசலுக்கே போனார்.
பாம்பு விழுங்கினால் அப்படித்தான்.

ஒன்பதாம் வாரம் மழை.
பகடை உருண்டு மேசைக்கடியில் போனது.
குனிந்தவள் அங்கிருந்தே
'ஆறு' என்றாள்.
குரல்கூட இல்லை, குரலின் ஓரம்.

நோர்ஹயாத்தி நிமிரவில்லை.
நிமிரக்கூடாதென்று சொல்லியிருந்தார்கள்.
சிவப்புப் பேனா மட்டும்
ஒரே சரிக்குறியின் மேல்
திரும்பத் திரும்பப் போனது.
காயை நகர்த்தி நான் எண்ணத் தொடங்கினேன்,
மூன்றுக்குமேல் எனக்குத்தான் வரவில்லை.

பிறகு நடைபாதையில் கேட்டார்,
அது என்ன சொல்?
எண், என்றேன்.
நதிக்கும் அதுதான்.
சூடான தேநீரிடம் சொல்வதும் அதுதான்.
ஆரு, என்று சொல்லிப் பார்த்தார்.
நேயா சுவரைப் பார்த்து நின்றாள்.

மின்தூக்கியில் அன்றும் திருமதி லிம்.
எட்டுவரை மழைச்சொட்டு.
அவர் இறங்கினார், கதவு மூடியது.
ஒன்பதில்:
'டீச்சர் தப்பா சொன்னாங்க.
ரு இல்லம்மா,
று.'