சாவி ஓசூரில் இருக்கிறது

மூன்று வருட லீஸ்.
பதினாலாம் மாதம் மாடியேறி வந்து
நின்றுகொண்டே சொன்னார் அருளப்பன்:
"ஓசூருக்கு மாத்திட்டாங்கக்கா."

பத்திரத்தை எடுத்தேன்.
ஏழாவது ஷரத்து. இடையில் காலி செய்தால்
மூன்று மாத முன்னறிவிப்பு, இன்னபிற.
கோர்ட்டுக்கு எதிரே தட்டச்சு செய்தவர்
'காளி செய்தால்' என்று அடித்திருந்தார்.
அதைப் பார்த்து அவர் சிரித்தார்.
சிரிக்கக்கூடாது என்று நினைத்தபடியே
நானும்.

சட்டம் பேச எனக்கு வாய் உண்டு.
பேசவில்லை.
வாடகை என்றால் அவர் எனக்குக் கடன்,
லீஸ் என்றால் நான் அவருக்கு.
வாங்கிய நான்கு லட்சத்தில்
போர் போட்டது போக,
கெடிலம் உள்ளே வந்த வருடம்
முழங்கால் உயரத்தில் விட்டுப்போன கோட்டைப்
பூசி மறைத்தது போக,
மீதி எங்கே என்று
எனக்கும் என் தம்பிக்கும் தெரியும்.
தம்பி போன் எடுப்பதில்லை.

கொடியில் பெனடிக்டாவின் புடவை காய்ந்து
எத்தனை நாள் என்று
மேலே இருப்பவளுக்குத் தெரியாதா?
ஒரு லுங்கி, இரண்டு சட்டை, ஒரு துண்டு.
தவக்காலம் தொடங்கியதிலிருந்து அவ்வளவுதான்.
ஓசூர் என்றார்.
ஓசூர் என்றே எடுத்துக்கொண்டேன்.

இப்போது ஒன்றரை,
மீதி புது ஆள் வந்ததும்.
பத்திரத்தின் பின்பக்கம் எழுதிக்
கையெழுத்துப் போட்டோம்.
பேனா அவருடையது.
"அதுவரைக்கும் சாவி என்கிட்ட இருக்கட்டும்கா."
நியாயம்தான்.
பூட்டினார், இழுத்துப் பார்த்தார்,
தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து
இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தார்.

ஆக, புதுப்பாளையத்தில் வீடு,
சாவி ஓசூரில்.
மஞ்சக்குப்பத்திலிருந்தும் செம்மண்டலத்திலிருந்தும்
ஆட்கள் வருகிறார்கள்.
ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்து
ஹாலை அளக்கிறார்கள்.
"தண்ணி உப்பா?"
"இல்ல."
"உள்ள பாக்கலாமா?"
"ஞாயித்துக்கிழமை வாங்க."
எந்த ஞாயிறு என்று அவர்களும் கேட்பதில்லை.

மின்வாரியத்து ஆள் மீட்டரைக் குறித்துவிட்டுச் சொன்னார்:
பூட்டிய வீட்டில் பதினெட்டு யூனிட்.
ஏதோ கசிவு என்றேன்.

சனிக்கிழமை, கடைசி பஸ்ஸுக்கு அப்புறம்
கீழே பூட்டு திறக்கும் சத்தம்.
ஃபேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு குழாய், வாளி நிறைவது,
மெதுவாக, யாரையும் எழுப்பாமல்.

இன்னும் இரண்டரை லட்சம் இருக்கிறது.
குளிக்கட்டும்.
எழுந்து இருட்டிலேயே
மோட்டார் சுவிட்சைத் தடவினேன்.