சிவப்புத் தடிக்கு இஞ்சால

பருத்தித்துறை வெளிச்சவீட்டடியில் தொடங்கி
இன்று ஆறாம் நாள்.
மாங்குளத்தில் இடப்பக்கம் திரும்பி
ஒலுமடு கழிய
வயிறு என்னைக் கூப்பிட்டது.
முதலில் மரியாதையாகத்தான்.

முதுகில் பதினோரு கிலோ.
கூடாரம், அரிசிமா, சம்பல் போத்தல்,
மழைக்கோட்டு
(ஆடி மாதத்தில், வன்னியில், மழைக்கோட்டு!)
பிறிஜிற் எழுதித் தந்த பட்டியலில்
எல்லாவற்றுக்கும் இடமிருந்தது.
வயிற்றோட்டத்துக்கு இரண்டே குளிசை.
அவையும் கிளிநொச்சியோடு முடிந்தன.

ரோட்டின் இரு கரையிலும் காடு.
பாலை, வீரை, முதிரை,
கீழே ஆளுயரப் பற்றை.
இதைவிட நல்ல மறைப்பு
எந்த நோயாளிக்கும் வாய்த்திராது.
ஒரே ஒரு எட்டு வைத்தால் போதும்.
அந்த எட்டுக்கு முன்னால்
மண்டையோடு கீறிய சிவப்புப் பலகை
மூன்று மொழியில்
வேண்டாம் என்றது.

பிறிஜிற் அரைக்கட்டை முன்னால் போய்விட்டாள்.
ஒருத்திக்காக மற்றவள் நிற்பதில்லை,
பின்னேரம் சந்திப்பது
என்பது எங்கள் ஒப்பந்தம்.
அதைப் பேசிய அன்று
இருவருக்கும் உடம்பு சுகமாயிருந்தது.

கரண்டுக் கம்பங்களை எண்ணத் தொடங்கினேன்.
ஒரு கம்பம் வரை நட.
பிடித்துக்கொள்.
வேர்வை ஆறும்வரை நில்.
அடுத்ததை யோசியாதே.
பதினேழில் எண் பிசகியது.
பதினாலு என்று திரும்ப வைத்துக்கொண்டேன்.
பல் கிட்டியது.
கொளுத்தும் நடுப்பகலில்
எனக்கு மட்டும் மார்கழி.

எத்தனையாவது கம்பமோ,
முகத்தில் கண்ணாடித் திரை மாட்டிய ஒருத்தி
பற்றைக்குள்ளிருந்து எழும்பினாள்.
என்னைப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
‘இஞ்சால வாங்கோ அக்கா.
வெள்ளைத் தடிக்கு நடுவால.
சிவப்புத் தடிக்கு அங்கால பாக்கவும் வேண்டாம்.
நான் கால் வைக்கிற இடத்திலை வையுங்கோ.’

நாலு தகரம். கதவில்லை,
ஒரு சாக்குத்தான் தொங்கியது.
அரண்மனை.

பிறகு ஒரு கூடாரம்.
ஸ்ட்ரெச்சர், சேலைன், கட்டுத்துணி உருளைகள்.
வாகீசன் என்ற மருத்துவப் பொடியன்
நாலு வருடமாய் அந்தப் பெட்டியைக்
காலையில் எண்ணித் திறந்து
மாலையில் எண்ணி மூடுகிறானாம்.
வெடித்த காலொன்றுக்காகக் காத்திருந்தவனிடம்
நான் வெறும் வயிற்றோடு போனேன்.
அவனுக்குச் சந்தோசம் பிடிபடவில்லை.
ஜீவனிப் பக்கற்றைக் கிழித்துக் கரைத்தான்.
‘மடக்மடக்கெண்டு குடியாதேங்கோ.
கரண்டி கரண்டியா.’
மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து
ஒவ்வொரு கரண்டிக்கும் தலையாட்டினான்.

‘பஸ் ஓடுதுதானே அக்கா,
ஏன் நடக்கிறியள்?’

தேத்தண்ணிக் கடைகளில் எல்லாம்
சொல்லிச் சொல்லிப் பழகிய மறுமொழி
ஒன்று வைத்திருந்தேன்:
இருபத்தொரு நாள் லீவு, வங்கிக் கதிரை,
தேவேந்திரமுனைக் கடல்.
அந்தக் கூடாரத்துக்குள்
அது வாயில் வரவில்லை.

திரையைக் கழற்றி வைத்தவள்,
சத்தியரூபி,
சப்பாத்துக்குள் இருந்த மண்ணைத் தட்டியபடி சொன்னாள்:
‘எங்களுக்கு நடந்தது காணும்.
நீங்கள் நடவுங்கோ.
இந்த ரோட்டால ஆரும் ஒராள்
சும்மாவும் நடக்கத்தானே வேணும்.’

நான் ஒன்றும் சொல்லவில்லை.
வாயில் வெப்பமானி இருந்தது.
நூற்றியொன்று.

பின்னேரம் பிறிஜிற்
வந்த வழியே திரும்பி வந்தாள்.
ஒப்பந்தத்தைப் பற்றிக் கதைக்கவில்லை.
என் பையைத் திறந்து
கூடாரத்தையும் மாவையும்
தன் பைக்கு மாற்றினாள்.
மழைக்கோட்டை எடுத்தபோது மட்டும்
இருக்கட்டும் என்றேன்.
குளிருக்கு அதைத்தான் போர்த்திக் கிடந்தேன்.

ஒரு நாள் விட்டு
மறுநாள் நாலு கிலோமீற்றர்.
ரோட்டின் நட்ட நடுவால்,
கரிப்பட்டமுறிப்புப் பக்கம்.
பின்னால் விசில் மூன்று தரம் ஊதியது.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு ஒரேயொரு சத்தம்.
கொக்குகள் எழும்பின.

எடுத்துவிட்டார்கள், ஒன்று.

வயிறு ஒருதரம் முறுகியது.
பிறிஜிற் நின்று திரும்பிப் பார்த்தாள்.
இல்லை, நட, என்றேன்.
இது அந்த வருத்தம் இல்லை.