புகார் ஏதும் இல்லை

பதினோரு ஆண்டுகளாக
நானூற்றுப் பன்னிரண்டாம் அறையிலிருந்து
ஒரு புகாரும் வந்ததில்லை.
ஜூலையிலும் ஜனவரியிலும் இருபத்திரண்டு டிகிரி.
ரீகா நகரின் நில ஆவண அலுவலகத்தில்
இவ்வளவு ஒழுக்கமான அறை வேறு கிடையாது.

என்னை வரவழைத்தவை இரண்டு ரசீதுகள்.
ஒன்று வெந்நீருக்கு, மற்றது குளிர்நீருக்கு.
கணக்காளர் ஸைகா
அவற்றை அருகருகே வைத்து
விளிம்புகளை விரலால் சரிசெய்தாள்.
பிப்ரவரி மாதம்.
உறைந்த தௌகவா ஆற்றில் துளைபோட்டு
மீனுக்காகக் குந்தியிருக்கிறார்கள் ஆண்கள்.
"கீழே சர்வர் அறைக்குக் குளிர் வேண்டும், தெரியும்.
அதற்காக, விஸ்மா,
நாலு கணினிக்கு இவ்வளவு வியர்க்குமா?"

ஏணியை விரித்தேன்.
கூரைப்பலகை ஒன்றைத் தள்ளிவிட்டுத்
தலையை மட்டும் இருட்டுக்குக் கொடுத்தேன்.
இடுப்புக்குக் கீழே அலுவலகம்:
யாரோ நிலத்தின் எல்லைகளைத்
தொலைபேசியில் படித்துக்கொண்டிருந்தார்கள்,
வடக்கே ஓடை, கிழக்கே
இன்னும் பாகம் பிரியாத தோப்பு.

மேலே ஒரு தகரப்பெட்டி.
அதற்குள் இரண்டு சுருள்கள்,
முழ இடைவெளியில்.
வெந்நீர் வால்வு மூடியிருப்பதாகத்
திரையில் போட்டிருந்தது.
முள்ளும் பூஜ்யத்தில் நின்றது.
குழாயைத் தொட்டேன்.
சுட்டது.

வால்வின் வாயில் ஒரு துருத்துகள்,
அரிசி நொய் அளவுதான் இருக்கும்.
அதன் ஓரமாகக் கசிந்த வெந்நீர்
வருகிற காற்றையெல்லாம் சூடாக்கியது.
சூடு கூடுகிறதே என்று சுவரிலிருந்த தெர்மோஸ்டாட்
குளிர்ச்சுருளைத் திறந்துவிட்டது.
கொடுத்ததை முழ தூரத்திலேயே பிடுங்கி
இராப்பகலாக, ஞாயிறு உட்பட,
பதினோரு ஆண்டுகள்.
ஆனைக்கும் பானைக்கும் சரி.
கீழே அதற்குப் பெயர் இருபத்திரண்டு டிகிரி.

இறங்கி வந்து நிமிர்ந்து பார்த்தபோதுதான்
காற்றுவாயில் அந்தக் காகிதம் கண்ணில்பட்டது.
ஏதோ ஓர் அக்டோபர்,
நாட்காட்டியிலிருந்து கிழித்து
நாலு மூலையும் நாடா ஒட்டியது.
"கழுத்தில் இறங்கும்," என்றாள் மிர்ட்ஸா,
"ஈரத்துணி மாதிரி."
அக்டோபர் தடுத்த காற்று
ஜன்னலோரம் இண்டுலிஸின் தலைக்குப் போனது.
அவர் உள்ளேயும் கம்பளித் தொப்பி அணிவார்.
வயதாகிறது,
இரத்தம் சுண்டுகிறது என்று நினைத்திருந்தாராம்.
நாற்காலிகளின் முதுகில் ஆளுக்கொரு சால்வை.
புகார் மட்டும் இல்லை.

வால்வைக் கழற்றினேன்.
வாளியில் மை போலத் தண்ணீர்.
புது இருக்கை, புது வளையம்.
அக்டோபரைப் பிய்த்தேன்.
கூடாரம் போன்ற அளவுகருவியைத் தூக்கி
ஒவ்வொரு காற்றுவாயிலும் பொருத்தி
மடலைக் கால் திருகு, அரைக்கால் திருகு,
இவளுக்குக் கொஞ்சம் குறைத்து
அவருக்குக் கொஞ்சம் கூட்டி,
மறுபடி இவளிடமே வந்து...
ஒன்றைத் தொட்டால் எல்லாம் அசையும்.
பந்தியில் பரிமாறுகிறவனுக்குத் தெரியும் இந்தக் கஷ்டம்.
சாயங்காலம் ஐந்தரைக்கு
எண்கள் ஒருவழியாக உட்கார்ந்தன.
குளிர்ச்சுருள் மூடிக்கொண்டது.
ஃபேன் தன் வேகத்தைத் தானே இறக்கியது.

மூன்றாம் நாள் தொலைபேசி.
நானூற்றுப் பன்னிரண்டு.
"விஸ்மா, ஏதோ பழுது."
"குளிருகிறதா?"
"இல்லை."
"புழுக்கமா?"
"இல்லை. சத்தத்தைக் காணோம்."
மிர்ட்ஸா குரலைத் தாழ்த்தினாள்.
இண்டுலிஸ் எச்சில் விழுங்குவது கேட்கிறதாம்.
அவள் ரொட்டி மெல்லுவது
அவருக்கும் கேட்குமே.
பக்கத்து அறையில் விவாகரத்து பற்றிப் பேசுகிறார்கள்,
ஒரு சொல் விடாமல் வருகிறது.

வேலைச்சீட்டை எடுத்தேன்.
'புகார்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?
கொஞ்ச நேரம் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு போய்
ஃபேனை ஒரு படி ஏற்றிவைத்தேன்.
ஸைகாவிடம் சொல்லவில்லை.