எடை ஏறும் மாதம்

கோடியக்கரையில் ஆவணி
வராதவற்றின் மாதம்.
பூநாரை எப்போது வரும் என்று
போனில் கேட்பவர்களிடம்
அறை வாடகையை மட்டும் சொல்கிறேன்.
கச்சான் காற்றில் நிலையத்தின் பெயர்ப்பலகை
ஒற்றை ஆணியில் ஆடுகிறது.
உப்பளத்துக் குவியல்களைப் பறவைக் கூட்டமென்று
தூரத்திலிருந்தே படமெடுத்துப் போனார்கள்
புதுசாய்க் கல்யாணமான இருவர்.
நான் திருத்தவில்லை.

ஐப்பசியின் முதல் மழை
கூரையைத் தாண்டி, நேரே கணினி மேல் பெய்தது.
அமலோற்பவி தன் மழைக்கோட்டை
அதற்குப் போர்த்திவிட்டு
நனைந்தபடி வலை கட்டப் போனாள்.
விடிகாலை நான்கு. முழங்கால்வரை சேறு.
நைனா முகம்மது மூங்கிலை ஊன்ற
டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு
முடிச்சுப் போட்டது நான்.

கொசு உள்ளான்.
பனிதேசத்திலிருந்து வந்தது என்கிறார்கள்.
கையில் எடுத்தால் ஒன்றுமேயில்லை.
ஒரு வெதுவெதுப்பு,
அதற்குள் ஓடும் ஒரு தையல் மிஷின்.
துணிப்பையோடு நிறுத்து, பையைக் கழித்தால்
இருபத்தொரு கிராம்.
பத்து ரூபாய் மிளகாய்த்தூள் பொட்டலம்
இதைவிடக் கனம்.
வளையத்து எண்ணை அவள் படிக்க நான் எழுதினேன்.
"உங்க ஏழு ஒன்று மாதிரி இருக்கு அக்கா,
சரியாப் போடுங்க."

புயலடித்த மூன்று நாளும்
பஸ் இல்லை, கரண்ட் இல்லை.
வெளிமான்கள் வந்து
எங்கள் ஜீப் நிற்கும் மேட்டில் நின்றன,
டிக்கெட் எடுக்காமல்.

மார்கழியில் பூநாரை.
வேன் வேனாக ஜனம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும்
நூற்றுப் பதினெட்டு டீ.
ரோஸ் கலரே இல்லையே என்று சண்டைக்கு வந்தவரிடம்
"எல்லாம் குஞ்சுகள் சார்,
இன்னும் சாயம் ஏறலை" என்றான் நைனா.
அவர் பாதிப் பணத்தைத் திருப்பிக் கேட்டார்.

ஆராய்ச்சிப் பணம் வந்து ஐந்து மாதமாகிறது
என்பதை அவள் சொல்லவில்லை.
பாங்க்கிலிருந்து வந்த தபாலை
நான்தான் மேசையில் வைத்தேன்.
அதற்குப் பிறகு
"பசிக்கலைக்கா" என்று ஆரம்பித்தாள்.
மாசி முழுக்க ராத்திரிக்கு ராத்திரி
பங்குனி ஆமையின் தடம் தேடி
ஒன்பது கிலோமீட்டர் மணலில் நடந்துவிட்டு வந்து
பசிக்கலையாம்.
சோற்றுக்கடியில் ஒரு முட்டையைப் புதைத்து
மேலே சமன்செய்து வைத்தேன்,
ஆமை செய்வது போலவே.
தட்டைக் கழுவும்போது
ஓடும் இல்லை, பேச்சும் இல்லை.

பங்குனியில் வலையில் விழுந்ததொன்று
ஏற்கெனவே வளையம் போட்டிருந்தது.
பழைய பக்கத்தைப் புரட்டினோம்.
என் கோணல் ஏழு.
அன்றைக்கு இருபத்தொன்று;
இன்றைக்கு முப்பத்து நான்கு.
வயிற்றுச் சிறகை ஊதி விலக்கிக் காட்டினாள்.
தோலுக்கடியில் மஞ்சளாய்க் கொழுப்பு.
"கிளம்பப் போறதுங்க இப்படித்தான் கனக்கும்,
கட்டுச்சோறு."
விரித்த கையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தது,
விட்டுவிட்டோம் என்பது தெரியாமல்.

அதே வாரம் அவளும் கிளம்பினாள்.
ஆட்டோ வரத் தாமதம்.
அரிசி மூட்டை நிறுக்கும் தராசில்
விளையாட்டுக்கு ஏறி நின்றாள்.
நாற்பத்தொன்று.
வந்த புதிதில் இதே தராசில் நாற்பத்தேழு.
"நான் தலைகீழ்ப் பறவை" என்று சிரித்தாள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
பதிவேட்டில் குறிப்புப் பத்தியில்
தேதி போட்டு எழுதினேன்.
இந்த முறை ஏழு வரவில்லை,
ஒன்றுதான்.

சித்திரை வெயிலில்
திருப்பூரிலிருந்து ஒரு குடும்பம்.
ஒன்றுமில்லாத சதுப்பை
பைனாகுலரில் முறை வைத்துப் பார்த்தார்கள்.
காய்ந்த சேற்றில் இருந்த கால்தடங்களைக் காட்டினேன்.
பையனுக்கு அதெல்லாம் வேண்டாம்;
தராசில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தான்.
நிற்கச் சொல்லி
அவனையும் எழுதிக்கொண்டேன்:
இருபத்தாறு கிலோ. வளையம் இல்லை.