வலித்தால் இடது கையைத் தூக்குங்கள்

நோயாளியின் தலைதான் கடிகாரம் என்றாள் மார்லா.
உச்சந்தலை பன்னிரண்டு, மோவாய் ஆறு.
மருத்துவர் உட்காருவது பதினொன்றில்.
உதவியாளருக்கு இரண்டிலிருந்து நாலு.
கான்ஸஸ் இறைச்சி ஆலையில்
பதினோரு வருஷம் இரவு ஷிப்ட் நின்றவளுக்கு
இரண்டிலிருந்து நாலு என்றால் என்னவென்று
தெரியாமலா இருக்கும்.

வகுப்பில் ஒரு பிளாஸ்டிக் தலை.
துப்பாது, நாக்கை நீட்டாது.
பற்களை எண் சொல்லிக் கூப்பிடப் பழகினேன்.
மேல் வலது கோடியில் ஒன்று,
சுற்றி வந்து கீழ் வலது கோடியில் முப்பத்திரண்டு.
ஆலையில் என்னையும் எண் சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.

அச்செடுக்கும் மாவுக்குத் தண்ணீர் சூடாக இருக்கக் கூடாது.
நாலு தடவை கிண்ணத்திலேயே இறுகிப்போனது.
ஐந்தாவதை என் மகன் பேட்டோவின் வாயில் வைத்தேன்.
புதினா வாசனை, அவன் கண்ணில் நீர்.
அவனுடைய வெள்ளைப் பல்வரிசை இப்போது ஃப்ரிட்ஜ் மேல்
கரண்ட் பில்லைக் கடித்துக்கொண்டிருக்கிறது.

கையுறைதான் பழகவில்லை.
அங்கே இரும்பு வலை,
இங்கே வெங்காயத் தோல்.

கிளினிக் பயிற்சியின் ஆறாவது வாரம்
டாக்டர் ஃபாமின் நாற்காலியில்
டேரல் அன்ரூ வந்து சாய்ந்தார்.
மூன்றாம் வரிசையின் சூப்பர்வைசர்.
முகக்கவசத்துக்குள் என்னைத் தெரியவில்லை.
தெரிந்திருந்தாலும் வாய் திறந்திருந்தது,
சொல்ல வழியில்லை.

அங்கே கழிப்பறைக்குப் போக
இடது கையைத் தூக்க வேண்டும்;
வலதில் கத்தி இருக்கும்.
அவர் விட்டத்தைப் பார்ப்பார்.
நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.
ஒரு தடவை நிற்க முடியவில்லை.
அதை இங்கே எழுதப் போவதில்லை.

விளக்கை இழுத்து வைத்தேன்.
கடைவாய்ப் பற்கள் எல்லாம் தேய்ந்து தட்டை.
பத்தொன்பதில் மயிரிழை விரிசல்.
தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பீர்களா
என்று கேட்டார் டாக்டர் ஃபாம்.
ஆ, என்றார்.
அட, இவருமா.

பாடமாக்கிய வாசகத்தைச் சொன்னேன்:
வலித்தால் இடது கையைத் தூக்குங்கள்.

மருத்துவரின் கண் பல்லில் இருக்கும்.
கையைப் பார்ப்பது
இரண்டு மணியில் உட்கார்ந்திருப்பவளின் வேலை.

துளையிடும் சத்தம் ஏறியது.
கைப்பிடியிலிருந்து விரல்கள் மட்டும் எழுந்தன,
தூக்கலாமா
என்று அனுமதி கேட்பதுபோல.

எனக்கும் ஒரு விட்டம் இருந்தது.
வெள்ளை அட்டைக் கூரையில்
குழந்தைகளுக்காக ஒட்டிய மீன் படங்கள்.
எண்ணினேன்.
ஏழு.

"டாக்டர், நிறுத்துங்கள்."

எச்சிலை உறிஞ்சினேன்,
உதட்டோரம் துடைத்தேன்,
இரண்டாவது ஊசியை
அவர் கண்ணில் படாமல் கீழாக நீட்டினேன்,
சொல்லிக்கொடுத்தபடியே.

பதிவேட்டில் எழுதினேன்:
எண் பத்தொன்பது, கூடுதல் மரப்பு மருந்து,
உதவி, ஒஃபீலியா பாரியெந்தோஸ்.
மீன்களுக்கு
அதில் கட்டம் இல்லை.