முப்பது நொடிக்கு ஒரு படம்

நள்ளிரவில் பிறந்ததால் எனக்கு அவூர் என்று பெயர்.
எங்கள் லுவோ வழக்கில்
பிறந்த வேளையே பெயர்; பிழை வராது.

எச்.ஐ.வி.யின் இந்தப் புரதத்துக்கோ
அவசரத்தில் பெயர் வைத்துவிட்டார்கள்.
வைரஸின் பெருக்கத்தை மட்டுப்படுத்துகிறது என்று எண்ணி
எதிர்மறைக் காரணி, சுருக்கமாய் நெஃப்.
அப்படியில்லை என்று பின்னால் தெரிந்தது.
பெயரை யார் போய் மாற்றுவது?

கிசுமுவில் மின்சாரம் போய்
ஜெனரேட்டர் இருமிக்கொண்டு எழும் இரண்டு மணி.
நுண்ணோக்கியின் கீழ் இரண்டு வாய்க்கால்கள்,
மயிரிழை அகலம்.
ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரு துளி அழைப்பு:
நிணக்கணு தன் வெள்ளணுக்களை
வா வா என்று கூப்பிடும் அதே வேதிப்பொருள்.

இடது வாய்க்காலில் ஒரு டி செல்
முன்பக்கம் விரிந்து, பின்பக்கம் குவிந்து,
மோப்பம் பிடித்த நாயைப்போல நேராய்ப் போகிறது.
வலது வாய்க்காலில்
நெஃப் புகுந்த செல் கை நீட்டுகிறது,
எந்தப் பக்கம் என்று தெரியாமல்
எல்லாப் பக்கமும்.
கால் எடுக்கிறது, வைக்கிறது,
எடுத்த இடத்திலேயே.

சாகவில்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

இன்னொன்றும் செய்யும் இது.
ஒவ்வொரு செல்லும் தனக்குள் நடப்பதை
வாசலில் துண்டு துண்டாய்த் தொங்கவிட்டிருக்கும்;
ரோந்து வரும் கொல்லும் செல்கள்
தடவிப் பார்த்துப் போகும்.
நெஃப் அந்தத் துண்டுகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது.
எல்லாவற்றையும் அல்ல.
வாசல் வெறுமையாய் இருந்தால் சந்தேகப்படும்
வேறொரு காவல் உண்டு;
அதற்காக ஒன்றிரண்டை விட்டுவைக்கிறது.
இதை முதன்முதலில் படித்த அன்று
உகாலி தட்டிலேயே ஆறிப்போயிற்று.
இருநூற்றுச் சொச்சம் அமினோ அமிலம்.
மூளை கிடையாது, எண்ணம் கிடையாது.
அறிக்கையில் ‘தந்திரம்’ என்று எழுதி
அடித்துவிட்டேன்.

டாட் வேறு மாதிரி.
பிறந்த செல்லில் தங்காது.
சுவர் கடந்து கசிந்து
வைரஸே தொடாத பக்கத்துச் செல்லுக்குள் போய்
அதைப் பதறவைக்கும்.
அது அடுத்த மாத வேலை.

வெள்ளிக்கிழமை ஒலுவோச் வந்தார், குருதி கொடுக்க.
டுங்கா கரையில் ஒமேனா பிடிப்பவர்.
பதினோரு வருடமாய் இரவு ஒன்பதுக்கு மாத்திரை,
ஏரி நடுவில் இருந்தாலும்,
சோப்பு டப்பாவில் நனையாமல் வைத்து.
வைரஸ் எண்ணிக்கை கருவிக்கே எட்டாத அளவு.
அப்புறம் எதற்கு என் ரத்தம், என்றார்.
பழைய செல்கள் சிலவற்றில் அது தூங்குகிறது,
தூக்கத்தில் உளறுவதுபோல்
புரதம் மட்டும் எப்போதாவது வெளியே வரும் என்றேன்.
படத்தை ஓட்டினேன்.

வலது பக்கத்தைப் பார்த்துவிட்டு
“முழுநிலா” என்றார்.
“நிலா நாளில் விளக்கு கட்டி என்ன பயன்?
ஏரி முழுக்க வெளிச்சம், மீனுக்குத் திசை இருக்காது.
அந்த வாரம் வலை தைப்போம்.”

இல்லை என்று சொல்லவேண்டியிருந்தது.
நிலா இல்லை. ஒரே விளக்கு,
அங்கேயேதான் எரிகிறது.
மீனுக்குக் கண்ணும் இருக்கிறது.
செதிளுக்கு அடியில் உடம்பைத் திருப்பும் தசைதான்
சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

நெடுநேரம் பேசவில்லை அவர்.
“இதில் என்னுடையது எது?”
“இரண்டும்.
ஒரே குழாய் ரத்தம். பாதிக்கு மட்டும்
நெஃப் கொடுத்துப் பார்த்தோம்.”
“உள்ளே இருக்கிறவை பெரும்பாலும் எப்படி?”
இடது பக்கத்தைக் காட்டினேன்.

“அதை இன்னொரு தடவை போடு.”

மூன்று தடவை போட்டேன்.
நாற்பது நிமிடப் பயணம், பத்து நொடியில்.
கடைசித் துளியை அது தொடும்போதெல்லாம்
மேசைமேல் இருந்த அவர் கை இறுகியது,
கயிறு இழுப்பவர் கைபோல.

பிறகு பஞ்சை எறிந்து, சட்டைக் கையை இறக்கி,
இன்றைக்கு நிலா இல்லை, நேரமாகிறது என்று
கிளம்பிவிட்டார்.