பதினொரு எட்டு

இல்ஹாம் கூப்பிட்டபோது
இங்கே இஷா முடிந்திருந்தது.
சஸ்கட்டூனில் அப்போதுதான் வெளுக்கத் தொடங்குகிறதாம்.
ஃபோனைத் திருப்பித் தெருவைக் காட்டினான்.
இராமுழுக்கக் காற்று தள்ளிக் கொண்டுவந்து
கார்களின் மேல் கவிழ்த்த பனி,
முதுகு முதுகாக,
எது யாருடையது என்றில்லாமல்.

ஒரு மணித்தியாலம் சவள் போட்டானாம்.
கண்ணாடி வந்தது, கதவு வந்தது,
திறப்பு மட்டும் சேரவில்லை.
"காக்கா, அது பக்கத்து வீட்டுப் பிலிப்பீன்காரன்ட கார்!"

சிரித்தான். நானும் சிரித்தேன்,
பாதியில் நாக்கு ஒட்டிக்கொண்டது.

பொத்துவிலில் வாடை கிளம்பி இருபது நாள்.
கடற்கரை மேடு இந்த முறையும் எழும்பி
மையவாடி வேலியை விழுங்கிவிட்டது.
சபை டிரக்டர் ஒரு பெட்டி அள்ளிப் போய்
மறு பெட்டிக்கு வருமுன்
பள்ளம் பழையபடி நிரம்பிக் கிடக்கும்.
டிரைவர் றம்ழான் இப்போது
எஞ்சினை நிற்பாட்டுவதுகூட இல்லை.

போன வெள்ளி
மேட்டின் மறுசரிவைக் காற்று வழித்துவிட்டிருந்தது.
ஒரு பலகை நுனி.
முதிரை. நான் அறுத்தது.
வாள் சறுக்கி மூலையில் விழுந்த வெட்டு
அப்படியே இருந்தது.

வாப்பா அங்கே.

ஐந்து வருடமாக நான் குந்தியிருந்து
யாசீன் ஓதிய இடமோ
பதினொரு எட்டுத் தள்ளி.
கையால் பறித்துப் பார்த்தேன்.
பேரில்லாத ஒரு முருகைக் கல்.

அவரிடம்தான் எல்லாம் சொன்னேன்.
உம்மாவின் சீனி வருத்தம்,
இல்ஹாமின் விசா இழுபட்ட கதை,
அவனுக்குத் தெரியாமல் நான் விற்ற
ரெண்டு ஏக்கர் வயலின் கணக்கு,
அந்தக் காசு போன வழி.
யாரோ ஒரு மனிதர்
ஒரு சொல்லும் குறுக்கே போடாமல்
கேட்டுக் கிடந்திருக்கிறார்.

"என்ன காக்கா, பேச்சில்லை?"
"ஒண்டுமில்லை. பிறகு என்ன செய்தாய்?"
"தொடங்கிட்டனே,
அவன்ட காரையும் முழுக்கத் துப்பரவாக்கிட்டுத்தான்
என்டதைத் தேடினன்."

இந்த வெள்ளி விடியப் போனேன்.
பலகையடியில் நின்று ஸலாம் சொன்னேன்.
வாப்பாவிடம் வயலைப் பற்றி
வாய் வரவில்லை.
கொஞ்சம் நின்றேன்.
கண்ணுக்குள் மண் அடித்தது.

பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு
எண்ணி எண்ணி நடந்தேன்,
மிச்சத்தை அந்த ஆளிடம் சொல்ல.